எந்தச் சாவடியிலும் வோட்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தேர்தலன்று தம் வட்டத்துக்குரிய சாவடிக்கன்றி வேறிடம் சென்ற வோட்டர், வோட்டுச் செய்யாமலே வீடு திரும்ப நேர்வது பல ராஜ்யங்களில் நெடுநாளைய வழக்கம். இருபது மைலுக்கு அப்பால் கூலிக்குப் போகிறவனுக்கு இது எத்துணை இடையூறென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. கொலராடோவில், நம் ஜில்லாவைப் போன்ற பிரிவாகிய லாரிமர் கவுண்டி 2003-ம் வருஷத்தில் இக்கட்டை அவிழ்த்தது. 143 வட்டங்களுக்கும் பொதுவாக 22 நிலையங்கள். அவற்றுள் எதிலும் எவரும் வோட்டுச் செய்யலாம். டெக்ஸாஸ் 2005-ல் சட்டமியற்றி, மறுவருஷம் லப்பக் கவுண்டியில் பரீட்சித்தது. ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டி 2019-ல் இதனை மேற்கொண்டது.

முறை நியாயமானதென்பதே நமது அபிப்பிராயம். எனினும் இதன் பெயரால் நடந்தவற்றை மறைத்துப் பேச நாம் தயாராயில்லை. ஒருவர் இருமுறை வோட்டுச் செய்யாதிருக்க, எல்லா நிலையங்களும் ஒரே எலெக்ட்ரானிக் ஜாபிதாவைப் பார்க்க வேண்டும். டென்வரில் 2006-ல் அந்த ஜாபிதா ஸ்தம்பிக்கவே, ஜனங்கள் மணிக்கணக்காய்க் காத்து நின்றனர். பலர் வெறுத்துத் திரும்பினர்.

அரிஸோனாவின் மாரிகோபா கவுண்டியில் நடந்ததோ இதனினும் விபரீதம். 2012-ல் 200-க்கு மேலிருந்த சாவடிகளை, 2016 மார்ச்சு மாதம் ஜனாதிபதி அபேக்ஷகரைத் தெரிந்தெடுக்கும் கட்சித் தேர்தலுக்கு 60 ஆக்கினர். செலவு மிச்சம், தபாலில் பலர் வோட்டனுப்புவர், எங்கும் வோட்டுச் செய்யலாம், ஆகையால் 60 போதுமென்பது அதிகாரிகள் கணக்கு. ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றவர்களும் உண்டு. நள்ளிரவு கடந்தே கடைசி வோட்டு விழுந்தது. எங்கும் போகலாமென்று உரிமை தந்துவிட்டு, போவதற்கு இடமில்லாமற் செய்வது எந்த நீதி? வட்டச் சாவடிகளின் தொகையில் முதல் வருஷத்தில் நூற்றுக்கு 65-க்கும், பின்னர் 50-க்கும் குறையலாகாதென டெக்ஸாஸ் சட்டம் விதித்திருக்கிறது. வக்கீல் தொழில் பழகிய நம் கண்ணுக்கு அந்த ஷரத்தே சட்டத்தின் உயிர். பாதி என்பதும் நமக்குத் திருப்தியில்லை.

கனமான ஆக்ஷேபம் வேறொன்றுண்டு. ஒரு வட்டத்தார் ஒருவரே தூர நிலையமொன்றில் வோட்டுச் செய்திருப்பின், பகிரங்கப் பதிவுகளை ஒப்பிட்டு, அவர் வோட்டு யாருக்கென்று அறிந்துவிடக்கூடும். 2024-ல் டெக்ஸாஸில் இது அம்பலமாயிற்று. அடையாளந்தரும் பகுதிகளை மறைத்தே பதிவுகளை வெளியிடுமாறு ராஜ்ய அதிகாரிகள் கவுண்டிகளுக்கு வழி கூறினர். அதுவே தக்க பரிகாரம். முறையையே ஒழிக்க 2023-ல் வந்த மசோதா அங்கு செனெட்டில் நிறைவேறியும் பிரதிநிதி சபையில் தேறவில்லை. அது மீண்டும் தலையெடுத்தால், ரகசியத்தைக் காக்கும் வேலை குமாஸ்தாவின் மேஜையில் முடியக்கூடியதாயிருக்க, அதற்காகக் கூலிக்காரனைப் பழைய சாவடிக்கு ஏன் விரட்ட வேண்டுமென்பதற்குக் கொண்டுவருவோர் விடை சொல்லட்டும்.