ஒரே ஒரு பை... உலகம் சுற்றிய நெல்லி!

குட்டீஸ்... லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டில் எத்தனை பை எடுத்துப் போவீர்கள்? துணிக்கு இரண்டு, தின்பண்டத்துக்கு ஒன்று, பாட்டிக்குக் கொடுக்க ஒன்று என்று எண்ணினால் ஏழெட்டு தேறும். பஸ்சில் ஏற்றி இறக்குவதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கிவிடும்!

ஒரே ஒரு கைப்பையுடன், துணைக்கு யாரும் இல்லாமல், உலகத்தையே சுற்றி வந்த பெண்ணைத் தெரியுமா? அவர்தான் நெல்லி பிளை. அமெரிக்காவைச் சேர்ந்தவர்.

இன்று முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாக வெளிநாடு சுற்றும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால், நெல்லி கிளம்பியது 1889ல். அப்போது விமானம் கிடையாது. கப்பலும் ரயிலும்தான்!

பெண்ணால் முடியுமா?

நெல்லிக்கு ஆறு வயதாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். வளர்ந்ததும், 'நியூயார்க் வேர்ல்டு' என்ற பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், உலகை 80 நாளில் சுற்றும் பிலியாஸ் போக் என்பவரைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தார். 'கதையில் வருபவரை விட வேகமாக நான் சுற்றி வருகிறேன். அனுப்புங்கள்' என்று பத்திரிகையில் கேட்டார் நெல்லி.

'நீ பெண், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அதோடு, பெண்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் எடுத்துப் போவார்கள். கப்பல் விட்டுக் கப்பல் மாறவே முடியாது. ஆணால்தான் முடியும்' என்று கூறிவிட்டனர்.

நெல்லி அழவில்லை. 'சரி, ஓர் ஆணை அனுப்புங்கள். அதே நாளில் நான் வேறு பத்திரிகைக்காகக் கிளம்பி, அவரைத் தோற்கடிப்பேன்' என்றார்.

ஓராண்டு கழித்து ஒருநாள் திடீரென அழைப்பு வந்தது. 'நாளை மறுநாள் கிளம்ப முடியுமா?' என்று கேட்டார்கள். 'இந்த நிமிடமே கிளம்புகிறேன்' என்றார் நெல்லி. அப்போது அவருக்கு வயது 25.

பைக்குள் என்ன?

நெல்லி வாங்கிய கைப்பை சுமார் 16 அங்குல நீளம், 7 அங்குல உயரம். உங்கள் புத்தகப் பையை விடச் சிறியது! அதற்குள் இரண்டு தொப்பி, முகத்திரை, செருப்பு, உள்ளாடைகள், கைக்குட்டை, ஊசி நூல், தண்ணீர் குடிக்க ஒரு கோப்பை, இங்க் பாட்டில், பேனா, பென்சில், எழுதக் காகிதம் எல்லாவற்றையும் அடைத்தார். கூடவே முகத்துக்குப் பூசும் கிரீம் ஜாடி. அந்த ஜாடிதான் பெரிய தொல்லை. அதை உள்ளே வைத்தால் பையை மூடவே முடியவில்லையாம்!

மாற்று உடை ஒன்றையும் திணித்துப் பார்த்தார். இடம் போதவில்லை. 'பை பெரிதாக வேண்டாம். உடை வேண்டாம்' என்று முடிவெடுத்தார். உடுத்தியிருந்த நீல நிற கவுன், மேலே ஒரு நீளமான கோட்டு. அவ்வளவுதான். பணத்தைத் தோல் பையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டார். 'துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்' என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

1889 நவம்பர் 14ல் கப்பல் கிளம்பியது. முன்பு அம்மாவுடன் மெக்சிகோ போயிருக்கிறார். கடல் பயணம் இதுவே முதல் முறை. முதல் நாளே குமட்டல், வாந்தி! 'இவரா உலகம் சுற்றப் போகிறார்?' என்று சக பயணிகள் சிரித்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது.

வெர்ன் வீட்டில் விருந்தாளி!

பிரான்ஸ் நாட்டின் அமியான் நகரில் ஜூல்ஸ் வெர்னையே நேரில் சந்தித்தார். 'நீ ஏன் என் கதாநாயகனைப் போல பம்பாய் வழியாகப் போகவில்லை?' என்று கேட்டார் வெர்ன். கதையில் போக், இந்தியாவில் ஓர் இளம் விதவையைக் காப்பாற்றுவார். 'எனக்கு விதவையை விட நேரத்தைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்' என்றார் நெல்லி, குறும்பாக! 79 நாளில் முடித்தால் இரண்டு கைகளாலும் தட்டிப் பாராட்டுவதாகச் சொன்னார் வெர்ன்.

கொழும்பில் தவிப்பு!

இத்தாலி, சூயஸ் கால்வாய், ஏடன் வழியாக டிசம்பர் 8ல் நம் பக்கத்து நாடான இலங்கையின் கொழும்புக்கு வந்தார். அங்கேதான் சோதனை! அவர் போக வேண்டிய கப்பல், 'நேபாள்' என்ற இன்னொரு கப்பலுக்காகக் காத்திருந்தது. அந்த 'நேபாள்' வந்து சேரவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல... ஐந்து நாட்கள்! ரயிலேறிக் கண்டியைப் பார்த்து வந்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை. 'அந்தக் கப்பல் வந்ததும் மூழ்கிப் போகட்டும்' என்று கோபத்தில் திட்டினாராம்!

சிங்கப்பூரில் ஆசையாக ஒரு குரங்கு வாங்கினார். இப்போது பையோடு ஒரு வாலும் சேர்ந்துகொண்டது!

ஹாங்காங்கில் ஓர் அதிர்ச்சி. எலிசபெத் பிஸ்லண்ட் என்ற இன்னொரு பெண், நெல்லி கிளம்பிய அதே நாளில் எதிர்த் திசையில் கிளம்பி, தனக்கு மூன்று நாள் முன்பே ஹாங்காங்கைக் கடந்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. 'நீங்கள் தோற்கப் போகிறீர்கள்' என்றார் கப்பல் கம்பெனி அதிகாரி. நெல்லிக்கு உள்ளே படபடப்பு. ஆனாலும், 'நான் யாரோடும் ஓடவில்லை. 75 நாளில் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றினால் போதும்' என்றார்.

ஜப்பானிலிருந்து கிளம்பிய கப்பலைப் புயல் அலைக்கழித்தது. 'குரங்குதான் கெட்ட சகுனம். கடலில் போடுங்கள்' என்றார்கள் கப்பலில். நெல்லி மறுத்துவிட்டார். குரங்கு பிழைத்தது, புயலும் அடங்கியது!

1890 ஜனவரி 25. ஜெர்சி சிட்டி ரயில் நிலையத்தில் ஏராளமான மக்கள் கூடி ஆரவாரம் செய்ய, நெல்லி குதித்து இறங்கினார். கணக்கு எவ்வளவு தெரியுமா? 72 நாள், 6 மணி, 11 நிமிடம், 14 விநாடி! எலிசபெத் பிஸ்லண்ட் வந்து சேர 76 நாளுக்கு மேல் ஆனது. அவரும் சாதனையாளர்தான்!

நெல்லியின் சாதனையை அதே ஆண்டிலேயே ஓர் அமெரிக்கர் முறியடித்துவிட்டார். ஆனால், 'பெட்டி பெட்டியாகச் சாமான் இல்லாமல் பெண்ணால் போக முடியாது' என்ற பேச்சை நெல்லி ஒரு சின்னப் பையால் முறியடித்தாரே... அதை யாராலும் அழிக்க முடியவில்லை. தன் சுமையைத் தானே தூக்க முடிந்ததால், அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நீங்களும் பை கட்டுங்கள்!

* அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு உங்கள் பையை நீங்களே கட்டுங்கள். அம்மாவிடம் காட்டிச் சரிபார்த்தால் போதும்.

* கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பாருங்கள். தோள் வலித்தால், 'கிரீம் ஜாடி' ஏதோ உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துவிடுங்கள்!

* காசை எல்லாம் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டு முகவரி, போன் நம்பர் எழுதிய சீட்டு பையில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று இருக்கட்டும்.

* ஒரு பேனா, ஒரு நோட்டு கட்டாயம் வேண்டும். நெல்லி பார்த்ததையெல்லாம் எழுதி வைத்ததால்தானே, இன்று நாம் படிக்கிறோம்!