இரும்பின் களைப்பும் கேளாத ஒலியும்



மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928ஆம் ஆண்டில். இங்கிருந்து ஏறாவூர், வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்லோயா, மாகோ வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 350 கிலோமீற்றர். வண்டிச் சில்லொன்றின் விட்டம் 90 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், கொழும்பை அடைவதற்குள் அது 1,20,000 தடவைக்கு மேல் உருண்டிருக்கும். மாட்டு வண்டியில் அச்சு அசையாதிருக்கச் சில்லு மாத்திரம் சுழலும். புகையிரதத்திலோ சில்லுகள் இரண்டும் அச்சோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால், அச்சும் கூடவே சுழல்கின்றது. இன்றைய பேச்சின் பொருள் இவ்வேறுபாட்டிலேதான் தொடங்குகின்றது.

வண்டியின் பாரம் அச்சின் இரு நுனிகளையும் கீழே அமுக்குகின்றது. தண்டவாளம் சில்லுகளை மேலே தாங்குகின்றது. ஆகவே அச்சு, கண்ணுக்குப் புலனாகாத அளவில், சற்றே வளைந்து நிற்கும். மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெருக்குண்ணும். அரைச்சுற்றுச் சுழன்றதும் மேலிருந்தது கீழாகி, இழுபட்டது நெருக்குண்ணும். கொழும்புக்குப் போய்ச் சேருமுன் அச்சின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வோர் இடமும் இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை இவ்வாறு இழுபட்டும் நெருக்குண்டும் விடுகின்றது. கம்பியொன்றை முன்னும் பின்னுமாக வளைத்து முறிக்கும் சிறுவனின் வேலையை, மிகமிக மெதுவாகச் செய்வது போன்றது இது.

அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் அறிந்த செய்தி. அளவான பாரத்தோடு பல்லாண்டு நன்கு உழைத்த அச்சும் ஒருநாள் திடீரென முறியும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில். 1842ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி, வெர்சாயிலிருந்து பரிசுக்குச் சென்ற புகையிரதத்தின் எஞ்சின் அச்சு முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேலொன்று மோதித் தீப்பற்றின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலோடி துமோன் துர்வீலும் அவர்களுள் ஒருவர். அதிர்ச்சியினால் இரும்பின் நார்த்தன்மை நீங்கிப் பளிங்குத்தன்மை உண்டாகின்றது என்றே அக்காலத்தார் பலர் எண்ணினர். அடுத்த ஆண்டிலேயே றாங்கின் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர், முறிவு மேற்பரப்பிலே சிறு வெடிப்பாகத் தோன்றிப் படிப்படியாக உள்ளே பரவுகின்றது எனக் காட்டினார். பின்னர் ஜேர்மனியரான வோலர், அச்சுகளை ஆண்டுக்கணக்காகச் சுழற்றிச் சோதித்து, ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கத்தக்க பாரமே பலமுறை மாறி மாறி வந்தால் முறிக்க வல்லது என நிறுவினார்.

இதனை உலோகக் களைப்பு என்பர். அச்சொல் எனக்கு முழு நிறைவு தருவதன்று. களைத்த மனிதன் ஓரிரவு உறங்கினால் தேறிவிடுவான். இரும்புக்கு அத்தகைய உறக்கம் இல்லை. வண்டியை ஒரு மாதம் நிறுத்திவைத்தாலும், தோன்றிய வெடிப்பு மூடிக்கொள்ளாது.

இவ்வெடிப்பு விரும்பிக் குடிகொள்ளும் இடம், சில்லின் குடத்துக்குள் அச்சு மறைந்து கிடக்கும் பகுதி. அங்கே கண் செல்லாது. பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதுபோலச் சில்லைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் வழக்கம் புகையிரத நிலையங்களில் இருந்தது. அது வெடித்த சில்லைக் காட்டிக்கொடுக்கும். அச்சினுள் மறைந்த சிறு வெடிப்பைக் காட்டாது. அச்சில் எண்ணெய் பூசித் துடைத்து, மேலே வெண்சுண்ணப் பொடி பூசினால், வெடிப்பினுள் தங்கிய எண்ணெய் கசிந்து கறை காட்டும். ஆயின் அதற்குச் சில்லைக் கழற்றவேண்டும்.

கழற்றாமலே அறிய உதவுவது கழியொலி. மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. அச்சுச் சோதனையில் பயன்படுவதோ பெரும்பாலும் 25 இலட்சம் அதிர்வு அளவிலான ஒலி. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் பளிங்குத் துண்டொன்றை அச்சின் நுனியில் வைத்து, ஒலித்துடிப்பு ஒன்றை உள்ளே செலுத்துவர். உருக்கில் அது விநாடிக்கு ஏறக்குறைய 5,900 மீற்றர் வேகத்தில் ஓடி, மறுநுனியில் பட்டு எதிரொலியாய் மீளும். இடையில் வெடிப்பு இருப்பின் அங்கிருந்தே ஒரு பகுதி முந்தித் திரும்பும். அவ்விரண்டையும் திரையில் மேடுகளாகக் காணலாம். திரும்பிய நேரத்தைக் கொண்டு வெடிப்பின் தூரத்தையும் கணக்கிடலாம்.

இங்கே நமது வாவி நமக்கு உதவுகின்றது. கல்லடிப் பாலத்தருகே, நிலவொளி நிறைந்த இரவில், தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுநுனியைக் காதோடு வைத்துப் பாடும் மீனின் ஒலியைக் கேட்பதை நீங்கள் அறிவீர்கள். லாங் அடிகளார் பதிவுசெய்த அவ்வொலி இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. பாடுவது மீனோ ஊரியோ என்ற வழக்கை இன்று விட்டுவிடுவோம். துடுப்பு எதற்கு? நீரிலிருந்து காற்றுக்கு ஒலி எளிதில் ஏறாது. மரத்தின் வழியே நன்கு ஏறும். அவ்வாறே பளிங்குக்கும் அச்சுக்கும் இடையே மயிரிழையளவு காற்றிருந்தாலும் கழியொலி உட்புகாது. அதனால் எண்ணெயோ கிறீசோ பூசுவர். வெடிப்பு எதிரொலிப்பதும் இதே காரணத்தால்தான்: வெடிப்பென்பது உருக்கினுள் அகப்பட்ட மெல்லிய காற்றுப்படலம். சில்லின் இறுக்கத்தால் அது நெருங்கி மூடியிருக்குமாயின், ஒலி அதனைக் கடந்து சென்றுவிடவும் கூடும்.

அச்சின் தடிப்பு மாறும் படிகளும் சில்லின் விளிம்பும்கூட எதிரொலி தருவன. இது படி, இது வெடிப்பு எனப் பிரித்தறிதல் பயின்ற மனிதனின் வேலை. ஆதலால் நேராக மாத்திரமன்றிச் சாய்த்தும் ஒலியைச் செலுத்திப் பார்க்கின்றனர். இந்தியப் புகையிரதப் பகுதிக்காக லக்னோவிலுள்ள ஆராய்ச்சி நிறுவனம் இம்முறைகளுக்கு விதிநூலே வகுத்துள்ளது.

எனினும் கருவியினும் முக்கியமானதொன்று உண்டு: எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது? இன்று காணமுடியாத சிறு வெடிப்பு, அடுத்த சோதனைக்கு முன்னர் அச்சை முறிக்குமளவு வளர்ந்துவிடலாகாது. இத்தாலியில் வியாரெஜியோ நகரில், 2009ஆம் ஆண்டு யூன் 29ஆம் திகதி, வாயு ஏற்றிய வண்டியொன்றின் அச்சு களைப்பு வெடிப்பினால் முறிந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் தீயில் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, யூலை 9ஆம் திகதி, ஜேர்மனியின் கொலோன் நிலையத்திலிருந்து புறப்பட்ட அதிவேக வண்டியின் அச்சும் முறிந்தது. வண்டி மெதுவாகச் சென்றமையால் எவரும் காயமடையவில்லை. அதுவரை அவ்வகை வண்டிகளின் அச்சுகளை 3,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கழியொலியால் சோதித்தனர். அதன் பின் அவ்விடைவெளி 60,000 ஆகவும், பின்னர் 30,000 ஆகவும் குறைக்கப்பட்டது. அங்குள்ள வேகமும் உருக்கும் வேறு. எனினும் தூரத்தை மனத்திற் கொள்ள நமது பாதையால் அளந்து பார்க்கலாம். முன்னையது மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் பயணங்கள் ஏறக்குறைய 430, பின்னையது 43.