களிம்புக்கு ஆறாத புண்

மார்பகப் புற்றுநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது கட்டி. ஆனால், கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படாமலே, தோல் நோயைப்போல் வேடமிட்டு வரும் வகையும் ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோய்களுள் நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படாத இவ்வகைக்குப் 'பாஜெட் நோய்' என்று பெயர்.

1874-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பாஜெட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் சுமார் 15 பெண்களைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் முலைக்காம்பில் கரப்பான் போன்ற ஆறாத புண். பின்னர் இரண்டாண்டுகளுக்குள் அதே மார்பகத்தில் புற்றுநோய்!

என் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் அரிப்பும் செதிலுமாகத் தொடங்கியது. கூச்சத்தால் சில மாதம் சொல்லவில்லை; சொன்னபின் களிம்பு கொடுத்தார்கள். களிம்பால் சற்றே தணிந்து, மீண்டும் வந்தது. இவ்வாறு எட்டு மாதம் கழிந்தது. இந்நோயின் சூழ்ச்சியே அந்தத் தற்காலிகத் தணிவுதான்.

கரப்பான் பெரும்பாலும் இரு மார்பகங்களிலும் தோன்றும். காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும். பாஜெட் நோயோ ஒரு பக்கத்தில் மட்டும், காம்பிலேயே தொடங்கி வெளியே பரவும். நீரோ இரத்தமோ கசியலாம், காம்பு உள்ளிழுக்கப்படலாம். ஆயினும் கண்ணால் கண்டு முடிவுகட்ட இயலாது. தோலில் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சாதாரணத் தோலணுக்களின் நடுவே பெரிய, வெளிறிய அணுக்கள் தென்பட்டால் ஐயமில்லை. அவை பால் நாளங்களின் வழியே உள்ளிருந்து வந்தவை என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆகவே, மார்பகத்தின் உட்பகுதியையும் எக்ஸ்ரே, ஸ்கேன் மூலம் ஆராய்கிறார்கள்.

நோய் காம்பின் அருகே மட்டும் இருப்பின், காம்பையும் கருவட்டத்தையும் அடியிலுள்ள திசுவோடு அகற்றிக் கதிர்வீச்சு கொடுப்பது போதுமானதாகலாம். உள்ளே பரவலாக இருப்பின் மார்பகம் முழுவதையும் எடுக்க நேரும். இந்நோயில் பெரும்பாலும் 'ஹெர்-2' என்னும் புரதம் மிகுந்திருக்கும். புற்று நாளத்தைத் தாண்டி ஊடுருவியிருந்தால், அப்புரதத்தையே தாக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தும் துணைநிற்கிறது.

பெரியம்மாவுக்கு மார்பகம் முழுவதையும் எடுத்தார்கள். இன்று நலமாக இருக்கிறார். எனினும், அந்த எட்டு மாதங்களை எண்ணும்போது என் மனம் பதைக்கிறது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! உங்கள் தாயிடமும் தமக்கையிடமும் இதைக் கூசாமல் சொல்லுங்கள்: ஒரு பக்கக் காம்பில் வந்த புண் சில வாரங்களில் ஆறவில்லையெனில், வேறு களிம்பு தேட வேண்டாம், சதைத் துணுக்குச் சோதனையைக் கேளுங்கள்.