மைக் கட்டாத கூட்டம்

எனக்குத் தொழில் மைக் செட், பந்தல், நாற்காலி வாடகை. உத்திரமேரூரில் கடை. காதுகுத்து, கட்சிப் பொதுக்கூட்டம், ஆடி மாசம் கூழ் ஊற்றல், பாரதக் கூத்து என்று எது நடந்தாலும் ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கரையும் டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். மேடையில் நிற்பவருக்கு முதல் இரண்டு வரிசைதான் தெரியும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கூட்டம் முழுக்கத் தெரியும். யார் கேட்கிறார், யார் வெற்றிலை மடிக்கிறார், யார் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார் என்பதெல்லாம் அங்கிருந்து தப்பாது. அந்த இடத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் அறிவியல் கூட்டங்கள் படுத்துவிடுவதற்குப் பாதிக் காரணம் நான் வாடகைக்கு விடும் சாமான்தான்.

துரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு விடிய விடிய உட்காரும் அதே சனம், அறிவியல் பேச்சுக்கு அரை மணியில் எழுந்துவிடுகிறது. "நம்ம ஜனங்களுக்கு ஆர்வம் இல்லைண்ணே" என்று ஏற்பாடு செய்தவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசுவான். ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்வான், முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவி ஏதாவது திருப்பிக் கொடுப்பாள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அறிவியல் கூட்டத்தில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, அப்புறம்தான் சிறப்புரை. மைக் கை மாறிக்கொண்டே இருக்கும், மேடையை விட்டு மட்டும் இறங்காது. "சந்தேகம் இருந்தால் கேட்கலாம்" என்று சொல்லும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். மானாம்பதி பக்கம் போகிறவர்கள் அதற்குள் பஸ்ஸுக்கு நடையைக் கட்டியிருப்பார்கள்.

சென்னையில் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று மகள் அங்கே படித்த காலத்தில் கொஞ்சம் பார்த்தேன். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. அவர்கள் 2016 முதல் மியூசிக் அகாடமியில் 'சயின்ஸ் அட் த சபா' என்று நடத்துகிறார்கள். மார்கழிக் கச்சேரி நடக்கும் அதே மேடையில் விஞ்ஞானிகள் ஏறிப் பொதுமக்களுக்குப் பேசுவார்கள். அந்த அரங்கின் ஒலியமைப்பைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது, அது வேறு விஷயம். பேச்சு இங்கிலீஷில், பாதி பிடிபட்டது, அந்தப் பாதியே நன்றாகத்தான் இருந்தது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் 1988 முதல் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் போவது அங்கேதான்.

என் மனசில் நின்றது வேறொன்று. பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரையில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ராத்திரியில் நடக்கிறார்களே, ஆமை நடை, அதுதான். மாணவர்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய ஆமைப் பாதுகாப்புக் குழு இன்றைக்கும் அதை நடத்துகிறது. பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டால், நாயும் மனிதரும் தொடுவதற்கு முன்னால் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். முட்டைக்குள் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இதை ஒரு காலேஜ் பையன் இருட்டில், அலை சத்தத்துக்கு நடுவே, குனிந்து மணலைத் தொட்டுக்கொண்டு சொன்னான். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "அப்போ வெயில் ஏறிக்கிட்டே போனா ஆம்பளையே இல்லாம போயிடுமே தம்பி?" என்று கேட்டுவிட்டார். ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்கக் கவலைப்படும் கேள்வி அது. கையில் மைக்கைக் கொடுத்து எழுந்து நின்று கேட்கச் சொல்லியிருந்தால் அந்த அம்மா வாயே திறந்திருக்க மாட்டார்.

ஆனால் உத்திரமேரூரிலிருந்து ஒரு குடும்பம் ராத்திரி ஆமை பார்க்கப் போய், விடிகாலை பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு திரும்புவது நடக்கிற காரியமா? நகரத்து நிகழ்ச்சி நகரத்துக்காரருக்குத்தான் வசதி. நாங்கள் அங்கே போவதைவிட அது இங்கே வருவதுதான் நியாயம்.

வந்தும் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தொடங்கியது. 1987-இல் நாடு முழுக்க மக்கள் அறிவியல் கலைப்பயணம் போனபோது தமிழ்நாட்டிலும் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராக இறங்கினார்கள். அதே ஆண்டு பிள்ளைகளுக்காகத் 'துளிர்' பத்திரிகை வந்தது. 90-களில் எழுத்தறிவுக்காக அறிவொளி இயக்கம். 1991-இல் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டதை ஊர் உலகமே பேசியது. குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இல் ஆரம்பம். 10 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர் விஷயம் ஒன்றை எடுத்து ஆராய்ந்து, தங்கள் மொழியிலேயே எழுதிப் பேச வேண்டும். 2022-இல் அரசே நடுநிலை வகுப்புகளுக்கு, அறிவியலைச் செய்து பார்த்துப் படிக்க, வானவில் மன்றம் கொண்டுவந்தது. ஆக, ஆளும் இருக்கிறார்கள், அமைப்பும் இருக்கிறது. நான் சொல்வது நடத்தும் விதத்தைப் பற்றி.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் நினைவிருக்கும். கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கம் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் வளையம் இல்லை, பெரும்பகுதி மறைந்து பிறையாக நின்றது. எட்டு மணிக்கு மேல் தொடங்கி பதினொன்றே கால் வரை. பள்ளி மைதானத்தில் மைக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். கிரகணக் கண்ணாடி கொஞ்சம்தான் வந்திருந்தது. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் விழித்திரை கருகிவிடும். அங்கே வலி உணரும் நரம்பு கிடையாது என்பதால் கெட்டது தெரியவே நேரமாகும் என்று மைக்கில் எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்!

அப்போது சத்துணவு சமைக்கும் அக்கா பெரிய கண் சல்லடையோடு வெளியே வந்தார். யாரோ ஆசிரியை கேட்டு வாங்கிவரச் சொன்னது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சல்லடையை வெயிலில் பிடித்தார்கள். கீழே விரித்த வெள்ளை வேட்டியில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிச் சூரியன், அத்தனையும் பிறை வடிவத்தில். "அக்கா சல்லடையில நிலா முளைச்சிருக்கு" என்று ஒரு பொடியன் கத்தியதும் மைக் பக்கம் யாரும் இல்லை. சின்ன ஓட்டை வழியாக வரும் ஒளி, ஓட்டையின் வடிவத்தை விட்டுவிட்டு, தான் புறப்பட்ட இடத்தின் வடிவத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் சங்கதி. மைதானத்து ஓரத்தில் புங்கமரம். அதன் இலை இடுக்குகளும் ஓட்டைகள்தானே? மரத்தடி முழுக்கப் பிறைகள் ஆடிக்கொண்டிருந்தன. மற்ற நாளில் அதே மரத்தடியில் வட்டவட்டமாக விழும் வெளிச்சப் பொட்டுகளும் சூரியனின் படம்தான் என்று அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

உலக்கைக் கதையும் நடந்தது. கிரகணம் பிடித்திருக்கும்போதுதான் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கை நேராக நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஒரு பாட்டி நிறுத்திக் காட்டினார். நின்றது. யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கே பிள்ளைகள் போய், "பாட்டி, இன்னிக்கு நிறுத்துங்க" என்றார்கள். பூண் கட்டிய உலக்கையின் அடி தட்டையாக இருந்து, தரையும் மட்டமாக இருந்தால் என்றைக்கும் நிற்கும். பாட்டி கோபப்படவில்லை. "நேத்து மட்டும்தான் நிறுத்திப் பார்த்தோம், அதனால நேத்து மட்டும் நின்னுது" என்றார். சோதனை என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சிறப்புரையிலும் நான் கேட்டதில்லை.

கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிழலில்லா நாள் ஆண்டுக்கு இரண்டு முறை நம் தலைக்கு மேலேயே நடக்கிறது. சூரியன் தினமும் உச்சியில் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டே நாள்தான். அதுவும் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் கிடைக்கும் வரம்; டெல்லிக்காரருக்கு ஆயுசு முழுக்கக் கிடையாது. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் சூரியன் வடக்கே நகரும்போது, ஏப்ரல் இரண்டாம் வாரம் கன்னியாகுமரியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் தமிழ்நாட்டை நடந்து கடந்து சென்னைக்குப் போகிறது. எங்கள் உத்திரமேரூருக்கு ஏப்ரல் 23 வாக்கில். திரும்பித் தெற்கே போகும்போது ஆகஸ்ட் 19, 20 வாக்கில் இன்னொரு முறை.

நேரம் 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், சூரியன் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஏப்ரலில் 12 மணி 9 நிமிஷம், ஆகஸ்டில் 12 மணி 14 நிமிஷம் சுமாருக்கு. ஒரு சொம்பு, ஒரு நேரான கம்பி, ஒரு பிவிசி பைப் துண்டு, தூக்குநூல் இருந்தால் போதும். நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பியின் காலடியில் போய் ஒளியும். பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து நின்று தங்கள் நிழலைத் தாங்களே மிதித்துப் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அந்த நாளில் இன்னொன்றும் செய்தார்கள். கன்னியாகுமரிப் பக்கம் தெரிந்த ஓர் ஆசிரியருக்குப் போன். இங்கே நிழல் இல்லாத நாளில் அங்கே ஒரு மீட்டர் கம்பியின் மதிய நிழல், தெற்கு நோக்கி, ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் நாலரை பாகைச் சாய்வு. 360-இல் நாலரை என்றால் எண்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை 80-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். பையன்கள் ரோட்டுக் கிலோமீட்டரை வைத்துப் பெருக்கினார்கள். விடை ஐம்பதாயிரம் பக்கம் போயிற்று. "பஸ் வளைஞ்சு வளைஞ்சு போகும் சார், நிழல் வளையாதே" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வரைபடத்தில் நேர் வடக்குத் தெற்காக அளந்தபோது 500 கிலோமீட்டர். எண்பது மடங்கு, 40,000. பூமியின் சுற்றளவு அதுவேதான். எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்கர் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் இரண்டு ஊர்களை வைத்துப் போட்ட கணக்கு இது. அன்றைக்கு என் சாமான் எதுவும் அங்கே போகவில்லை. நான் சும்மா பார்க்கப் போனேன்.

ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் மையம் இருப்பதும் எங்கள் அட்சரேகையில்தான், ஏறத்தாழ 12½ பாகை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டிலும் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும். 1986-இல் அர்ப்பணித்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். சனிக்கிழமைகளில் பொதுமக்களும் போகலாம். நம் பிள்ளைகளிடம் "அங்கே தெரிகிற வானம்தான் உன் மொட்டை மாடியிலும் தெரிகிறது" என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பறவை விஷயத்தில் நாங்களே பேச்சாளர்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் மாவட்டப் பிரிவினையில் செங்கல்பட்டுக்குப் போய்விட்டாலும் எங்களுக்கு அடுத்த ஊர்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, இங்கே சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். இரக்கம் மட்டும் காரணமில்லை. ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து, மதகு வழியாக வயலுக்குப் போகிறது, அது தழைச்சத்து. 2022-இல் இரண்டு ஏரிகளுக்கும் ஈரநிலங்களுக்கான ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது.

பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவே. ஒரு பொங்கலுக்கு எங்கள் ஏரிக்கரையில் வெளியூர் இளைஞர்கள் பைனாகுலரோடு வந்தார்கள். நத்தைக்குத்தி நாரையின் அலகு ஏன் நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கிறது என்று பேச்சு வந்தது. நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் நின்று, "நத்தை வழுக்கும்ல, கெட்டியாப் பிடிக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, அது ஓட்டை உடைக்காமலே சதையை உருவுவதைக் கையால் செய்து காட்டினார். இளைஞர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பெரியவர் பாம்புத்தாராவுக்கும் நீர்க்காகத்துக்கும் வித்தியாசம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூருக்கு வரும் பிரமுகர்கள் எல்லாரும் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, ஜனநாயகம் பற்றி என் மைக்கில் பேசிவிட்டுப் போகிறார்கள். 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். அந்த ஓலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று. வயிரமேக தடாகம் என்று கல்வெட்டில் பெயருள்ள அந்த ஏரி இன்னும் இருக்கிறது. வண்டியை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

வரும் ஆகஸ்டில் நிழலில்லா நாள் நடத்த ஒரு இளம் ஆசிரியை கடைக்கு வந்தார். மைக் செட், மேடை, ஐம்பது நாற்காலி கேட்டார். தார்ப்பாய் இரண்டு, தண்ணீர் கேன் நாலு, மடக்கு மேசை இரண்டு போதும் டீச்சர் என்று எழுதிக் கொடுத்தேன். மைக் வாடகை போனது எனக்குத்தான் நஷ்டம். தலைமையுரைக்கு ஒருவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும், வேறு வழியில்லை என்றார். சரி, அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி அனுப்புகிறேன், மைதானத்து நடுவில் வெயிலில் போடுங்கள், 12 மணி 14 நிமிஷம் வரை பேசட்டும் என்றேன்.