கலந்தால் மிகும் நஞ்சு

நஞ்சை மருந்தென்று அழைப்பது நம் உழவர் வழக்கு. பயிரைப் பொறுத்தவரை அது மருந்தே. பயிரோரம் மேயும் ஆட்டுக்கும் எருதுக்கும் அச்சொல் பொருந்துமா?

இந்நாளில் இரு பூச்சிக்கொல்லிகளைக் கலந்து ஒரே புட்டியில் விற்கின்றனர். குளோர்பைரிபாஸ் நூற்றுக்கு 50 பங்கும் சைபர்மெத்ரின் 5 பங்கும் கொண்ட கலவை பருத்தி உழவர் நன்கறிந்தது. முன்னது கரிமப் பாஸ்பரஸ் இனம். பின்னது சாமந்தி இனப் பூவொன்றின் இயற்கை நஞ்சைப் பின்பற்றி ஆக்கப்பட்ட பைரித்ராய்டு இனம். இரண்டும் நரம்பைத் தாக்குவன.

கலப்பதற்குக் காரணம் உண்டு. பைரித்ராய்டைத் தாங்கப் பழகிய புழுக்களின் உடலில் எஸ்டெரேஸ் என்னும் நொதிகள் மிகுந்து, அந்நஞ்சை உடைத்தெறிகின்றன. கரிமப் பாஸ்பரஸோ அந்நொதிகளையே முடக்கிவிடும். காவலாளியைக் கட்டிப்போட்டுக் களவு செய்வது போன்றது இது. அதே வகை நொதிகள்தாம் பாலூட்டிகளின் கல்லீரலிலும் காவல் புரிகின்றன. அவை முடங்கினால் பைரித்ராய்டு உடலில் நெடுநேரம் தங்கும்.

வெள்ளெலிகளுக்கு இவ்விரு நஞ்சுகளையும் ஊட்டிய ஆய்வுகளில் விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்தன. வடிவம் சிதைந்தவை பெருகின. குருதியில் டெஸ்டோஸ்டீரோன் தாழ்ந்தது. தனித்தனியே கொடுத்ததினும் சேர்த்துக் கொடுத்தபோது கேடு மிகக் கண்டவை அவற்றுட் சில. விந்தணுவின் மேலுறை எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பமிலங்கள் நிறைந்தது. பழுதைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு மிகக் குறைவு.

நஞ்சுண்ட விலங்கு நுரை தள்ளுவதையும் துடிப்பதையும் எவரும் அறிவர். விரையில் நேரும் கேடு அவ்வாறு வெளிப்படுவதன்று. எலியில் ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 8 வாரம் ஆகும். ஆதலின் விளைவும் காலந்தாழ்த்தே தெரியும். இதனை வெளிப்படையாகப் பேச நாமும் கூசுகிறோம். கிடா கொழுகொழுவென்று நிற்க, மந்தையில் குட்டி குறைந்தால் பழி பெட்டையாட்டின்மேல்தான் முதலில் விழும்.

ஆய்வுக்கூடத்தில் கொடுக்கும் அளவு, உணவில் எஞ்சும் எச்சத்தைவிடப் பெரும்பாலும் பன்மடங்கு மிகுதி என்பதையும் மறைக்கலாகாது. எலிக்கு நேர்ந்தது நமக்கும் அப்படியே நேரும் என்று அஞ்சி ஓடுவது அறிவியலன்று. எனக்கு உறுத்துவது வேறொன்று. உணவில் இருக்கத்தக்க எச்ச வரம்பு ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனியே வகுக்கப்படுகிறது. புட்டியிலோ இரண்டு சேர்ந்திருக்கின்றன. வயலில் தெளிப்பானை நிரப்பும்போது மூன்றாவதொன்றும் சேர்வதுண்டு.