ரோட்டில் நடந்து போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லையா? பாதசாரிகள் பலி அதிகரிக்க காரணம் என்ன?

பால் வாங்கப் போனவர், பஸ்ஸில் இருந்து இறங்கி ரோட்டைக் கடந்தவர் என நடந்து செல்பவர்கள் வாகனம் மோதி இறப்பது தினசரி செய்தியாகிவிட்டது. விபத்து நடந்ததும் "பார்த்துப் போகக்கூடாதா?" என்றுதான் கேட்கிறோம். ஆனால் தப்பு நடப்பவர் மீது மட்டும்தானா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி, 2016ல் இந்தியாவில் 15,746 பாதசாரிகள் உயிரிழந்தனர். 2022ல் இது 32,825 ஆக உயர்ந்தது. அதாவது ஒரு நாளைக்கு சுமார் 90 பேர்! சாலை விபத்தில் இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் பாதசாரி.

காரணங்கள் என்ன?

நடைபாதை இல்லை: குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது இந்திய சாலைகள் காங்கிரஸ் விதி. ஆனால் பல இடங்களில் நடைபாதையே கிடையாது. இருக்கும் இடத்திலும் பைக், கடை, டிரான்ஸ்ஃபார்மர். வேறு வழியில்லாமல் ரோட்டில் இறங்குகிறார்கள்.

வேகம்: 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், டிரைவர் சுதாரிக்கும் ஒரு நொடியிலேயே சுமார் 17 மீட்டர் கடந்துவிடும். கார் மோதும் வேகம் 50ல் இருந்து 65 கி.மீ. ஆனால், பாதசாரி இறக்கும் ஆபத்து 4.5 மடங்கு என்கிறது உலக சுகாதார அமைப்பு.

பெரிய கார்கள்: இப்போது விற்கும் கார்களில் பாதிக்கும் மேல் எஸ்.யு.வி. வகைதான். தாழ்வான கார் மோதினால் காலில் அடிபடும். உயரமான முன்பக்கம் நெஞ்சில் மோதும். குழந்தை என்றால் தலையில்.

கடக்க வழியில்லை: ஊரை இரண்டாகப் பிரித்துப் போகும் நெடுஞ்சாலைகளில் சுரங்கப்பாதை எங்கோ தள்ளி இருக்கும். நடை மேம்பாலம் இருந்தாலும் முட்டி வலி உள்ள பெரியவங்க எப்படி ஏறுவாங்க?

இருட்டு, செல்போன்: எரியாத தெருவிளக்கு, கண்ணைக் கூசும் ஹைபீம், போன் பார்த்தபடி ஓட்டுவது, நடப்பது எல்லாமே ஆபத்து.

கோர்ட் சொன்னது என்ன?

கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆக்கிரமிப்பு இல்லாத, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நீங்க என்ன செய்யலாம்?

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்க. இரவில் வெளிர் நிற உடை நல்லது. வண்டி ஓட்டுபவரா? ஜீப்ரா கோட்டில் நிறுத்துங்க. வண்டியை விட்டு இறங்கினால் நீங்களும் பாதசாரிதான்!