உடலுக்குள் ஒரு பம்பு: யாருக்கு, எப்போது?

ஐந்தாம் படிவ இயற்பியலில் பாஸ்கல் தத்துவம் வரும். மூடிய கலனில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது அது. காரின் பிரேக்கை உதாரணம் சொல்வார்கள். ஆசிரியர்கள் அதிகம் சொல்லாத உதாரணம் ஒன்று உண்டு. 1973-இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் பிராண்ட்லி ஸ்காட் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், விறைப்புக் குறைபாடு உள்ள ஆண்களுக்காக உடலுக்குள் வைத்துத் தைக்கக்கூடிய நீரழுத்தக் கருவி ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள்.

படிக்கக் கூச்சமாக இருக்கிறதா? இருக்கட்டும். இந்தக் கூச்சத்தால்தான் நம் வீடுகளில் பெரியவர்கள் பலர் மருத்துவரிடம் வாயே திறப்பதில்லை. அதனால் என்ன நேரும் என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம்.

முதலில் இயல்பான வேலை எப்படி நடக்கிறது? ஆணுறுப்பின் உள்ளே பஞ்சு போன்ற திசுவாலான இரண்டு தூண்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்ததும் அங்குள்ள தமனிகள் விரிந்து, பஞ்சுக்குள் இரத்தம் நிரம்புகிறது. வீங்கிய பஞ்சு, இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளைத் தடித்த உறையோடு சேர்த்து அழுத்துகிறது. உள்ளே வந்த இரத்தம் வெளியேற முடியாமல் நிற்பதால் உறுப்பு விறைக்கிறது.

தமனியை விரியச் சொல்வது எது? இதற்கு விடை தேடப் பல ஆண்டுகள் ஆயின. இரத்தக் குழாயின் உட்சுவர் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அதுவே குழாயைத் தளர்த்துகிறது என்று 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. வாகனப் புகையில் வரும் அதே வாயுதான். அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆல்ஃபிரெட் நோபல் டைனமைட்டில் பயன்படுத்திய நைட்ரோகிளிசரின், உடலுக்குள் போனால் வெளியிடுவதும் இதே வாயுவைத்தான். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அதுவே.

அதே 1998-இல்தான் சில்டெனாஃபில் மாத்திரை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து அது, வேறொன்றுக்கு உதவியது. ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாத்திரை நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிப்பதில்லை. அந்த வாயு தொடங்கி வைக்கும் வேதிச் செய்தி சீக்கிரம் அழிந்துவிடாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. செய்தியே புறப்படாவிட்டால் மாத்திரை எதைக் காக்கும்?

இனிப்புநீர் நோயாளிகள் பலருக்கு நேர்வது இதுதான். நீண்ட காலம் கட்டுப்படாத சர்க்கரை நரம்பையும் கெடுக்கிறது, குழாயின் உட்சுவரையும் கெடுக்கிறது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம்.

இதயத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆணுறுப்பின் தமனி இதயத் தமனியைவிட மெல்லியது. கொழுப்பு படியத் தொடங்கினால் சிறிய குழாய்தான் முதலில் திணறும். அதனால் விறைப்புக் குறைபாடு, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். கூச்சத்தால் வாய் திறக்காதவர் அந்த எச்சரிக்கையைத் தவறவிடுகிறார். சிலர் மருத்துவரிடம் போகாமல் "ஆண்களுக்கான" காப்பிப் பொட்டலத்தை வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட காப்பித் தூள்களில் இத்தகைய மருந்துகள் இரகசியமாகக் கலந்திருப்பதை மலேசிய, சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். நைட்ரோகிளிசரின் எடுக்கும் இதய நோயாளி அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். உயிரே போகலாம்.

சரி, பம்புக்கு வருவோம். சர்க்கரையையும் புகைபிடித்தலையும் கட்டுப்படுத்தி, மாத்திரை, வெற்றிடக் குழாய், ஊசி மருந்து எல்லாம் பார்த்தும் பயனில்லை அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால்தான் பெரும்பாலும் இந்தப் பேச்சே எழும். இரண்டு தூண்களுக்குள்ளும் ஒவ்வொரு சிலிண்டர், வயிற்றின் கீழ்ப்பகுதியில் உப்புநீர் நிரம்பிய சிறு பை, விதைப்பைக்குள் ஒரு பம்பு. பம்பை விரலால் சில முறை அழுத்தினால் உப்புநீர் சிலிண்டர்களுக்குள் போய் விறைப்பு ஏற்படும். வால்வைத் திறந்தால் நீர் பைக்கே திரும்பும். வெளியே எதுவும் தெரியாது.

முடிவெடுப்பதில் கடினமான பகுதி ஒன்றுதான்: திரும்பி வர வழி கிடையாது. சிலிண்டருக்கு இடம் செய்யும்போது பஞ்சுத் திசு சிதைகிறது. பிடிக்கவில்லை என்று பிறகு கருவியை எடுத்துவிட்டாலும் இயல்பான விறைப்பு பொதுவாகத் திரும்பாது. மனக்கவலையால் மட்டும் சிக்கல் வந்த இளைஞருக்கு மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவது அதனால்தான். அவருடைய குழாய்களும் நரம்புகளும் நன்றாக இருக்கும்போது அவற்றை ஏன் அழிக்க வேண்டும்?

கிருமித் தொற்று அரிது. ஆனால் வந்துவிட்டால் பெரும்பாலும் முழுக் கருவியையும் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் சர்க்கரை அளவைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று மருத்துவர் முதலில் திருப்பி அனுப்பக்கூடும். கருவியும் இயந்திரம்தானே, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழுதாகி மறுபடி அறுவை தேவைப்படலாம். உணர்ச்சியை அது கூட்டாது, உறுப்பை நீளமாக்காது. இதையெல்லாம் மனைவியும் உடன் உட்கார்ந்து கேட்பது நல்லது என்பார்கள் மருத்துவர்கள். பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மனநிறைவோடு இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. தெரிந்துகொண்டு போனவர்கள் ஏமாறுவதில்லை என்பது என் எண்ணம்.

மருத்துவர் நோயாளியின் கைவிரல்களையும் பார்ப்பார். மூட்டுவாதத்தாலோ நடுக்கத்தாலோ பம்பை அழுத்த முடியாதவருக்கு, நீரோ வால்வோ இல்லாத, கையால் வளைத்து நிமிர்த்தும் எளிய தண்டு வகையும் உண்டு.